4294967297 பகா எண்ணா இல்லயா, பேப்பர் பேனாலயே கண்டுபிடிக்கிறது எப்படி

பெரிய நம்பர் ஒண்ண பார்த்ததும் நெறய பேர் 3 போகுமா 7 போகுமான்னு வகுக்க ஆரம்பிச்சிடுறாங்க, அதுக்கு முன்னாடி அந்த நம்பர் எப்படி உருவாச்சுன்னு ஒரு நிமிஷம் பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும். ஐபி அட்ரஸ் பத்தி படிச்சவங்களுக்கு 4294967296 தெரிஞ்சிருக்கும், 2-ஓட 32-ஆவது அடுக்கு, அதோட 1 கூட்டுனா நம்ம நம்பர். இதே மாதிரி 2-ஓட 1, 2, 4, 8, 16-ஆவது அடுக்கோட 1 கூட்டுனா வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண், அதனால இதுவும் அப்படித்தான் இருக்கும்னு கணித மேதை ஃபெர்மா நம்புனார். 1732-ல இன்னொரு கணித மேதை ஆய்லர் அது இல்லன்னு காட்டிட்டார்.

முதல்ல சின்ன செக். இலக்கத்த எல்லாம் கூட்டுனா 59, அதனால 3 போகாது. 7, 11, 13 மூணயும் ஒரே அடில பார்க்கலாம், வலது பக்கத்துலேர்ந்து மூணு மூணு இலக்கமா வெட்டி மாத்தி மாத்தி கழிச்சு கூட்டுங்க: 297 − 967 + 294 − 4 = −380. 380 மூணாலயும் வகுபடல, அப்போ நம்ம நம்பரும் வகுபடாது. 7 × 11 × 13 = 1001ங்கிறதால இது வேலை செய்யுது, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி.

ஆனா இப்படியே போனா 65536-க்குள்ள இருக்குற 6542 பகா எண்ணயும் பார்க்கணும். இங்கதான் நம்பரோட உருவம் கை குடுக்குது. ஒரு பகா எண் இத வகுத்தா, 2-ஐ பெருக்கிட்டே போறப்போ 32-ஆவது அடுக்குல மீதி −1, 64-ஆவதுலதான் மொத தடவையா 1 வரும், அப்புறம் 64 அடுக்குக்கு ஒரு தடவதான் 1 வரும். பகா எண்ணுல 1 கழிச்சு வர்ற அடுக்குலயும் மீதி 1 வந்தே தீரும், அதனால அந்த பகா எண்ணுல 1 கழிச்சா 64-ஆல வகுபட்டே ஆகணும். 1878-ல லூக்காங்கிற கணித அறிஞர் இத 128-ன்னே இறுக்கிட்டார். அப்போ 128-ஓட மடங்குல 1 கூட்டுனா வர்ற வரிசை 129, 257, 385, 513, 641. 129-யும் 513-யும் 3-ஆல போகும், 385 5-ஆல போகும், 257-ஆல வகுத்தா மீதி 2. மிச்சம் 641.

முழு நம்பர வகுக்காதீங்க, மீதிய மட்டும் வர்க்கம் பண்ணிட்டே போங்க. 2-ஓட 8-ஆவது அடுக்கு 256. அத வர்க்கம் பண்ணா 65536, 641-ஆல வகுத்தா மீதி 154. 154-ஐ வர்க்கம் பண்ணா 23716, அதுல 641 × 36 = 23076 போக மீதி 640. இதுதான் 32-ஆவது அடுக்கோட மீதி, 1 கூட்டுனா சரியா 641, மீதியே இல்ல!

வகுத்தா 6700417 வரும். அதுவும் பகா எண்ணான்னு பார்க்க 2588 வரைக்கும் போனா போதும், 257 ஏற்கனவே கழிஞ்சிடுச்சு, அதே 128 கணக்குல மிச்சம் 641, 769, 1153, 1409 நாலுதான் தேறும், நாலுலயும் மீதி வருது. ஆக 1, 641, 6700417, அப்புறம் அதே நம்பர், மொத்தம் நாலே காரணி.

இன்னொண்ணும் போட்டுப் பாருங்க: 65536-ஓட வர்க்கம் கூட்டல் 1, இல்லன்னா 62264-ஓட வர்க்கம் கூட்டல் 20449-ஓட வர்க்கம், ரெண்டுமே இதே நம்பர்தான். ஒரு பகா எண்ண ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ரெண்டு விதமா எழுதவே முடியாது, அதனால 641 தெரியாமலே இது பகா எண் இல்லன்னு இது ஒண்ண வச்சே சொல்லிடலாம்.