சமுதாயக் கல்லூரியில் செர்ட் பயிற்சி: இருபது மணி நேரத்தை எங்கே செலவிடுவது

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் போலீஸ்காரர்களும் பெருமளவில் பயிற்சி பெற்று வெளிவருவது உள்ளூர் சமுதாயக் கல்லூரிகளிலிருந்துதான். எனவே நர்சிங் ஆய்வகம், பயிற்சி பொம்மைகள், அனுபவமுள்ள ஆசிரியர்கள், பெரிய வாகன நிறுத்தம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். பொதுமக்களுக்கான செர்ட் என்னும் பேரிடர் தன்னார்வலர் பயிற்சியை நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இந்தப் பயிற்சி ஏன் வந்தது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். 1985-ல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத பொதுமக்களே எண்ணூறு பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களில் நூறு பேர் இறந்தும் போனார்கள். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை உருவாக்கிய திட்டத்தை, ஃபெமா என்னும் மத்திய அவசர மேலாண்மை அமைப்பு 1993-ல் நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. உதவப் போகிறவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதே பாடத்திட்டத்தின் அடிப்படை. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

தொடங்கும் முன்

கல்லூரி தன்னிச்சையாகத் தொடங்கக்கூடாது. ஊரின் தீயணைப்புத் துறையோ மாவட்ட அவசர மேலாண்மை அலுவலகமோ பொறுப்பேற்க வேண்டும். தன்னார்வலர்களைக் களத்துக்கு அழைப்பது யார், காயம்பட்டால் காப்பீடு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இது விடுபட்டால், பயிற்சி முடித்தவர்கள் நிஜப் பேரிடரில் அழைப்பு இல்லாமலேயே கிளம்பிப் போவார்கள், அது ஆபத்து.

பேரிடர்க் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதைக் கற்பிக்கும் ஐசிஎஸ்-100, ஐஎஸ்-700 பாடங்கள் இரண்டையும் ஃபெமாவின் இலவச இணையவழிப் படிப்பாக வீட்டிலேயே முடித்துவரச் சொல்லுங்கள். ஒரு தலைவரின் கீழ் ஐந்து பேர் என்றால் உத்தமம் என்ற விதியெல்லாம் அங்கேயே வந்துவிடும். வகுப்பு நேரத்தை அதற்குச் செலவழிப்பது வீண்.

கைப்பழக்கப் பாடங்கள்

அடிப்படைப் பயிற்சி சுமார் இருபது மணி நேரம். அதில் பாதிக்கு மேல் கையால் செய்து பழகுவதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. படக்காட்சி ஓட்டியே முடித்த வகுப்பிலிருந்து வருபவருக்கு, இரத்தத்தைப் பார்த்ததும் கை நடுங்கும்.

தீயணைப்பானை இருவராகப் பழக்குங்கள். ஒருவர் கையில் கருவி. மற்றவர் அவர் தோளில் கைவைத்து வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னை இழு, முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடவலமாக வீசு. ஐந்து வினாடிக்குள் தீ அடங்காவிட்டால் இருவரும் வெளியேறிவிட வேண்டும். பெரும்பாலானோர் சுவாலையை நோக்கி அடிப்பார்கள். கருவி காலியாகும், தீ அப்படியே இருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தும்போது சின்ன பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் கடைசியில் மெயினை அணைக்க வேண்டும். திரும்பப் போடும்போது மெயின் முதலில். எரிவாயு வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும்; கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நிற்கும். மூடிய எரிவாயுவைத் தானே திரும்பத் திறக்கக் கூடாது. அதைப் பயிற்சி பெற்ற ஊழியர்தான் திறக்க வேண்டும்.

இரத்தப்போக்குக்கு டூர்னிகெட், அதாவது கை அல்லது காலை இறுக்கிக் கட்டும் பட்டை: காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலிக்கிறது என்று அலறினால் தளர்த்திவிடுவதே எல்லோரும் செய்யும் தவறு. சரியாகக் கட்டினால் வலிக்கத்தான் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதிக நேரம் கேட்பது கட்டை அடுக்குதல். இடிபாட்டின் கீழ் சிக்கியவரை விடுவிக்க நான்குக்கு நான்கு அங்குல மரக்கட்டைகள், 18 முதல் 24 அங்குல நீளத்தில், இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கவேண்டும். ஒரு குழுவுக்கு இருபது கட்டைகள், சில ஆப்புகள், நீளமான கடப்பாரை, நெம்புவதற்கு ஒரு தாங்குகட்டை வேண்டும். சுமைக்குக் கான்கிரீட் பாளமும் கீழே ஒரு பொம்மையும் போதும். உயிருள்ள மனிதரைப் படுக்க வைக்காதீர்கள். ஒரு அங்குலம் தூக்கினால் உடனே ஒரு அங்குலத்துக்குக் கட்டை வைத்துவிட வேண்டும். ஆர்வத்தில் ஒரேயடியாகத் தூக்கிவிட்டால் பாளம் எதிர்ப்பக்கம் நகரும், பொம்மையின் கால் நசுங்கும். ஒருமுறை அப்படி நடக்க விடுங்கள், பாடம் மனதில் பதியும். கட்டையைத் தள்ளும்போது விரல்கள் பாளத்துக்கு அடியில் போகக்கூடாது; பக்கவாட்டில் பிடித்துத் தள்ள வேண்டும். "தூக்கு", "நிறுத்து" என்ற கட்டளைகளை ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஆளை வெளியே எடுத்தபின் வைத்ததற்கு நேர்மாறான வரிசையில் கட்டைகளை எடுத்து, பாளத்தை மெல்ல இறக்குங்கள்.

கட்டடத்துக்குள் போகும் முன் சேதத்தை மதிப்பிட வேண்டும். இலேசானது என்றால் உள்ளே போய்த் தேடலாம். நடுத்தரமானது என்றால் விரைவாக உள்ளே போய் ஆட்களை வெளியே கொண்டுவரலாம், அவ்வளவுதான். கனத்த சேதமென்றால் உள்ளேயிருந்து குரல் கேட்டாலும் நுழையக்கூடாது. இதுதான் மனதுக்கு மிகக் கஷ்டமான பாடம், இதன் மீது விவாதம் வெடிக்கும். வெடிக்கட்டும். நுழையும்போது கதவருகே ஒரு சாய்வுக்கோடு, வெளியேறும்போது அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. கோடு ஒன்றே ஒன்று இருந்தால் குழு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதைப் போட மறந்தால், வெளியே வந்துவிட்டவர்களைத் தேடி அடுத்த குழு உள்ளே நுழையும்.

கடைசி நாள் ஒத்திகை

காயம்பட்டவர்களாக நடிக்க நாடகத்துறை மாணவர்களையும், காயங்களைத் தத்ரூபமாக வரைய நர்சிங் மாணவர்களையும் கேளுங்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அறிகுறி எழுதிய அட்டை தொங்க வேண்டும். லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்னரே விசாரியுங்கள்.

அவசர அழைப்புகளை ஏற்கும் 911 கட்டுப்பாட்டு அறைக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே தகவல் போகட்டும். நுழைவாயில்களில் "ஒத்திகை நடக்கிறது" என்ற பலகை வையுங்கள். நிஜமாகவே யாருக்காவது மயக்கம் வந்தால் சொல்ல ஒரு குறிச்சொல் வேண்டும். அதைக் கேட்டதும் ஒத்திகை அப்படியே நிற்க வேண்டும். எதையும் நிறுத்தும் அதிகாரமுள்ள பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒத்திகைக்கு முன்னும் பின்னும் நடிகர்களை எண்ணுங்கள்: மேசைக்கு அடியில் படுத்தவரை யாருமே கண்டுபிடிக்காமல் ஒத்திகை முடிந்துபோவது உண்டு.

வளாகப் பாதுகாப்புக்கான மத்தியச் சட்டமான கிளெரி சட்டப்படி, வளாக அவசரத் திட்டத்தைக் கல்லூரி ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். எச்சரிக்கைச் செய்தி அனுப்புவதையும் வெளியேற்றத்தையும் இந்த ஒத்திகையோடு சேர்த்தால் அந்தக் கடமையும் நிறைவேறும். தேதி, நேரம், விவரம், முன்னறிவிப்பு இருந்ததா என்பதைப் பதிவு செய்தால்தான் செல்லும்.

முடிந்தவுடன், வியர்வை காயும் முன்பே, எல்லோரையும் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை, என்ன பொருள் போதவில்லை. பார்வையாளர்கள் "தகவல் தொடர்பு மோசம்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "இரண்டாவது குழுவின் வாக்கி-டாக்கியில் சார்ஜ் இல்லை, ஓடிவந்து தகவல் சொல்ல ஆளும் நியமிக்கவில்லை" என்று எழுதினால்தான் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதி, பொறுப்பேற்ற துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்; அடுத்த வகுப்பு தொடங்கும் முன் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து, முடியாமல் நிற்பவற்றைக் கேளுங்கள்.