ஆர்லாண்டோவில் அறை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வரத் தொடங்கிவிடும். கேள்வி ஒன்றுதான்: ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே தங்குவதா, பக்கத்தில் வெளியே ஓர் அறை எடுத்தால் போதாதா? பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் பாதிப் பேர் ஏற்கெனவே அறை எடுத்திருப்பார்கள். "நல்ல இடம்தான்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. எந்த ஹோட்டல், ஏன் அதை எடுத்தார்கள் என்று கேட்டால், குழந்தைகளோடு முதல்முறை போனபோது நாங்கள் எடுத்த அதே மாதிரி அறை, நாங்கள் சொல்லிக்கொண்ட அதே காரணங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சீக்கிரம் பதிவு செய்யுங்கள், ரிவ்யூ படியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## "உள்ளே" என்றால் வாசலுக்குப் பக்கம் என்று நினைப்பது

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்குப் போய்வந்தவர்களின் அனுபவத்தை வைத்து, ஆர்லாண்டோ இருக்கும் ஃபுளோரிடாவில் அறை எடுக்கக் கூடாது. 1955-ல் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது சுற்றியிருந்த நிலம் வால்ட் டிஸ்னியின் கையில் இல்லை. மற்றவர்கள் வந்து வரிசையாக மோட்டல் கட்டிவிட்டார்கள். அதனால் அங்கே ஹார்பர் பூலவார்டில் சாலையைக் கடந்தால் பார்க் வாசல். டிஸ்னியின் சொந்த ஹோட்டலான டிஸ்னிலேண்ட் ஹோட்டலைவிட எதிர்ச்சாரியில் உள்ள சாதாரண மோட்டல்கள் சில பக்கமாகவே இருக்கின்றன.

அந்த நிலைமை இன்னொரு முறை வரக் கூடாது என்றுதான் 1960-களில் ஃபுளோரிடாவில் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் சத்தமில்லாமல் நிலம் வாங்கினார்கள். 1971-ல் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. இன்று அது சுமார் 25,000 ஏக்கர். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்ற நான்கு பார்க்குகளும் அதற்குள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஆகவே வெளியே எங்கே தங்கினாலும் பார்க் வாசலுக்கு நடந்து போவது என்ற பேச்சே இல்லை. அதே சமயம், உள்ளே இருக்கும் ஹோட்டலும் நீங்கள் போகவேண்டிய வாசலிலிருந்து மைல் கணக்கில் தள்ளி இருக்கலாம்.

கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிட நடை. பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் இரண்டுக்கும் மோனோரயில் உண்டு. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச் ஆகியவற்றிலிருந்து 2019-ல் வந்த ஸ்கைலைனர் கேபிள் காரில் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகலாம். இடி மின்னல் வந்தால் அதை நிறுத்திவிடுவார்கள், கோடையில் அங்கே பிற்பகல் இடி வாடிக்கை. ஆல்-ஸ்டார் ஹோட்டல்களில் தங்கினால் எங்கே போவதற்கும் பஸ்தான். அனிமல் கிங்டத்துக்கு எந்த ஹோட்டலில் தங்கினாலும் சாலை வழிதான். எந்தப் பார்க்குக்கு அதிக நாள் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் "உள்ளே" ஹோட்டல் தேடுவதில் அர்த்தமில்லை.

## "டிஸ்னிக்கு இலவச ஷட்டில்" என்ற வரியை நம்புவது

எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை சொல்லியும் ஒவ்வொரு வருடமும் யாராவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெரிந்த குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண், இரண்டரை வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி. 192-ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ஹோட்டல். விளம்பரத்தில் "டிஸ்னிக்கு 3 மைல், இலவச ஷட்டில், இலவசக் காலை உணவு" என்று இருந்தது. கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம், அந்தக் காசும் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

போய் இறங்கிய பிறகுதான் விவரம் தெரிந்தது. காலையில் ஷட்டில் இரண்டே தடவை. முந்தின நாள் மாலையே முன்மேசையில் ஒரு தாளில் பெயர் எழுதி இடம் பிடிக்க வேண்டும். இவர்கள் கேட்டபோது முதல் வண்டி நிரம்பிவிட்டது. இரண்டாவது வண்டி வழியில் இன்னும் இரண்டு ஹோட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு போனது. கடைசியில் இறக்கிவிட்ட இடம் மேஜிக் கிங்டம் வாசல் அல்ல.

இது பலருக்குத் தெரிவதில்லை. மேஜிக் கிங்டத்துக்கு வெளியிலிருந்து யார் எதில் வந்தாலும், அது சொந்தக் காரோ டாக்ஸியோ ஹோட்டல் ஷட்டிலோ, பார்க்குக்கு முன்னால் இருக்கும் ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில்தான் இறங்க வேண்டும். அங்கே பாதுகாப்புச் சோதனை. பிறகு மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைக் கடக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் வாசல். டிஸ்னி ஹோட்டல்களின் பஸ் மட்டும் இதைச் சுற்றிக்கொண்டு நேராக வாசலருகே கொண்டுபோய் விடும். "3 மைல்" என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் டிஸ்னி நிலத்தின் எல்லை வரை, அல்லது டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெரு வரை. அறைக் கதவைச் சாத்தியதிலிருந்து பார்க் வாசலில் டிக்கெட்டைக் காட்டும் வரை அன்றைக்கு அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

காலை போனால் போகட்டும், மதியம்தான் கொடுமை. ஒன்றரை மணிக்கு வெயிலில் பையன் துவண்டு தூங்கிவிட்டான். பார்க்கில் வாடகைக்கு எடுக்கும் ஸ்ட்ரோலரை வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவர முடியாது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டியையும் கைப்பிடித்துப் படகேறி, இந்தப் பக்கம் வந்து பார்த்தால் ஷட்டில் இல்லை. "அக்கா, அடுத்த வண்டி அஞ்சு மணிக்குத்தானாம். டாக்ஸி பிடிக்கலாம்னா கார் சீட்டை ஹோட்டல்லயே வச்சுட்டு வந்துட்டோம்" என்று அந்தப் பெண் போன் செய்தபோது பின்னணியில் பையன் விழித்து அழும் சத்தம் கேட்டது. ஃபுளோரிடா சட்டப்படி ஐந்து வயது வரை குழந்தைக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். டாக்ஸியானாலும் அதைக் கொண்டுவர வேண்டியது பெற்றோரின் பொறுப்பு, டிரைவருடையது அல்ல. அந்தக் கார் சீட்டைச் சுமந்துகொண்டு பார்க்குக்குள் சுற்ற முடியுமா? ஐந்து மணி வரை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இரவு வாணவேடிக்கைக்குத் திரும்பி வருவது என்ற யோசனை அங்கேயே முடிந்தது. மறுநாள் வாடகைக் கார் எடுத்தார்கள், அதற்குத் தினமும் பார்க்கிங் கட்டணம். மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் போயிற்று. ஒரு நாள் டிக்கெட்டில் பாதியும் வீண், ஐந்து பேருக்கு.

அந்த ஹோட்டல் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுகிறது. ஷட்டில் இருந்தது, அது இலவசம்தான், டிஸ்னிக்குத்தான் போனது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அந்த மூன்று உண்மைகளாலும் பயனில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே, வெளியே அறை எடுக்கும்முன் இணையதளத்தைப் பார்க்காமல் ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள். காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு, மதியம் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் நடுவே திரும்பும் வண்டி உண்டா, வாணவேடிக்கை முடிந்தபின் உண்டா, எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள், இடம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மதிய வண்டி இல்லை என்று சொன்னால், சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த ஹோட்டலில் ஷட்டிலே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ இருந்தால் நிலைமை வேறு. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் பார்க்கிங் வாசலுக்கு முன்னாலேயே இருக்கிறது. கார் உள்ளவர்கள் இந்த மூன்றுக்கும் வெளியிலிருந்து தாராளமாக வரலாம். மேஜிக் கிங்டம் ஒன்றுக்குத்தான் ஏரியைக் கடக்கும் வேலை.

## ஓர் இரவு வாடகையை மட்டும் ஒப்பிடுவது

வெளி ஹோட்டல்களில் பல, வாடகைக்கு மேல் தினமும் ரிசார்ட் கட்டணம் வாங்குகின்றன. 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டதால் இப்போது ஓரளவு தெளிவு. ஆனால் வரி அதில் சேராது. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுன்டியில் அறை வரி 12.5 சதவீதம், பக்கத்து ஊரான கிஸிமி இருக்கும் ஆஸியோலா கவுன்டியில் 13.5 சதவீதம். ஹோட்டலில் இரவு காரை நிறுத்தவும் பணம், பார்க்கில் பகலில் நிறுத்தவும் பணம். பார்க்கில் மட்டும் நாளொன்றுக்கு 30 டாலரும் அதற்கு மேலும் ஆகும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இரண்டு பார்க்கிங்கும் இலவசம், ரிசார்ட் கட்டணமும் கிடையாது.

இதையெல்லாம் கூட்டிய பிறகும் வெளியே மலிவாக இருந்தால், அது நிஜமான மலிவு.

## காசு கொடுத்து வாங்கிய அரை மணி நேரத்தைத் தூங்கிக் கழிப்பது

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் எல்லாப் பார்க்குக்கும் தினமும் 30 நிமிடம் முன்னதாகவே நுழையலாம். மேஜிக் கிங்டத்தில் அந்த நேரத்தில் ஃபேன்டஸிலேண்டும் டுமாரோலேண்டும் மட்டும் திறந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்த 30 நிமிடம் தொடங்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். எட்டரைக்கு எழுந்து, ஒன்பதரைக்குப் பால் குடித்து, பத்தரைக்குக் கிளம்பும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அந்தச் சலுகையால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு சலுகை இதைவிடப் பெரியது, ஆனால் பலர் கவனிப்பதில்லை: நீண்ட வரிசையில் நிற்காமல் போகக் காசு கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸை டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்னதாக, தங்கும் எல்லா நாளுக்கும் சேர்த்து எடுக்கலாம். மற்றவர்களுக்கு 3 நாள் முன்னதாகத்தான். லைட்னிங் லேன் வாங்கும் எண்ணமும் இல்லை, காலையில் எழவும் முடியாது, மதியம் அறைக்குத் திரும்பும் பழக்கமும் இல்லை என்றால் உள்ளே தங்க நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது அலங்காரத்துக்கான காசு. அந்த அலங்காரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதற்காக எடுப்பதும் தவறில்லை. தெரிந்து எடுங்கள்.

இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு. ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஹோட்டல்களும் டிஸ்னி நடத்துபவை அல்ல. ஆனாலும் அந்த அரை மணி நேர முன்நுழைவு அங்கேயும் கிடைக்கிறது. இது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஆகவே பதிவு செய்யும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## ஐந்து பேரை நான்கு பேர் அறையில் அடைப்பது

டிஸ்னியின் மலிவு வகை ஹோட்டல்களில் சாதாரண அறை சுமார் 260 சதுர அடி, நான்கு பேருக்கு. தொட்டிலில் படுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம். பாப் செஞ்சுரியில் இரண்டாவது கட்டில் சுவரிலிருந்து இறங்குவது; அதை இறக்கிவிட்டால் அறையில் இருந்த ஒரே மேசையும் போய்விடும். இரவு எட்டரைக்குக் குழந்தை தூங்கியதும் பெரியவர்கள் இருட்டில், குளியலறை வெளிச்சத்தில், குசுகுசுவென்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது கிஸிமி, டேவன்போர்ட் பக்கம் கிடைக்கும் வாடகை வீடுகள். தனித்தனிப் படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும். கார் கட்டாயம் வேண்டும். பார்க்குக்கு வர முடியாத நாளில் பெரியவர்கள் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம், இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

## பழைய தகவலை நம்புவது

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவச பஸ் இப்போது இல்லை. 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது.

## பணம் திரும்பாத அறையை மாதக் கணக்கில் முன்னதாக எடுப்பது

எடுக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வருவது கிளம்பும் நாளுக்கு முந்தின இரவில்தான்.

## யுனிவர்சலுக்கும் இதே கணக்கைப் போடுவது

அதே பயணத்தில் ஆர்லாண்டோவின் இன்னொரு பெரிய பார்க் வளாகமான யுனிவர்சலுக்கும் போகிறவர்கள், டிஸ்னிக்குப் போட்ட கணக்கை அங்கேயும் போட்டு, வெளியே இருந்தே போய்வரலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே விஷயம் வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால், அறையில் இருக்கும் எல்லாருக்கும், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் வாடகையிலேயே அடங்கும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்ற பழைய பார்க்குகள் இரண்டிலும் செல்லும். அறைக்குள் நுழையும் நாளும் சேர்த்தி, காலி செய்யும் நாளும் சேர்த்தி. ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் வரிசை மிச்சம். காலையிலேயே போய் முன்மேசையில் பாஸை வாங்கிக்கொண்டு பார்க்குக்குள் போய்விடலாம், அறை தயாராக மாலை ஆனாலும் பரவாயில்லை. கூட்ட நாளில் நால்வருக்கு அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் விலையை அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் அறையே மலிவாக இருக்கும். பார்க் டிக்கெட் தனி.

2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் மூன்றாவது பார்க்கான எபிக் யுனிவர்ஸில் இந்தப் பாஸ் செல்லாது. அது இருப்பதும் பழைய இரண்டு பார்க்குகளிலிருந்து சில மைல் தள்ளி வேறோர் இடத்தில். அதற்கு ஒட்டியே இருக்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலுக்குப் பார்க்குக்குள் தனி வாசல் உண்டு, எக்ஸ்பிரஸ் பாஸ் கிடையாது. மூன்று பார்க்கும் பார்க்கப் போகிறவர்கள் ஓர் இரவை அந்த மூன்று ஹோட்டல்களில் ஒன்றில் வைத்து, அந்த இரண்டு நாளில் பழைய பார்க்குகளை முடித்துவிட்டு, மீதி இரவுகளை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.