குட்டை வீச்சுகளை நீக்கும் முன்

சமீபத்தில் மூன்று பேருடைய நிரல்களைப் படித்துப் பார்க்கும் வேலை வந்தது. மூன்றிலும் பணி ஒன்றுதான்: தொடக்கம், முடிவு என்று இரண்டிரண்டு எண்களாக வரும் வீச்சுகளில், குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்தவற்றை எடுத்துவிட வேண்டும். ஒரு வரி வேலைதானே என்று மூன்று பேரும் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முடித்தேன்.

முதலில் சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். கணித நூல்களில் (0, 5) என்பதன் பெயர் இடைவெளி. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே விடுபட்டதும் இடைவெளிதான். இந்த வேலையில் இரண்டும் வரும். எனவே முதலாவதை வீச்சு என்றும், நடுவில் விடுபட்டதை மட்டும் இடைவெளி என்றும் எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக் குறியைத் திருப்பிப் போடுவது, வரம்பைத் தவறாகத் தட்டச்சு செய்வது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை முதல் சோதனையிலேயே பல்லிளித்துவிடும்.

லூப் ஓடும்போதே லிஸ்டில் கை வைப்பது

(0, 3), (5, 7), (9, 30) என்று மூன்று வீச்சுகள், வரம்பு 10. பைத்தானில் லிஸ்டைச் சுற்றிக்கொண்டே அதிலிருந்து நீக்கினால், முதலாவது போனதும் (5, 7) அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விடும். (5, 7) பிழைத்துக்கொள்ளும், பைத்தான் மூச்சுவிடாது. ஜாவாவாக இருந்தால் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும்; அதுவே மேல். வேண்டியவற்றைப் புதிய லிஸ்டில் சேருங்கள், தீர்ந்தது.

ஒன்றுசேர்க்கும் முன் நீக்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒலிப்பதிவில் பேச்சு எங்கெங்கே இருக்கிறது என்று கண்டறியும் ஒரு நிரலின் வெளியீடு என்னிடம் வரும். மில்லிநொடிக் கணக்கில் வீச்சுகள். இருமல், நாற்காலிச் சத்தம் போன்றவற்றைக் கழிக்க, 250 மில்லிநொடிக்குக் குறைந்ததை எல்லாம் நீக்கினேன். மிஞ்சியதை மட்டும் வெட்டிச் சேமித்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு புகார்: சிலருடைய பேச்சில் மட்டும் சொற்கள் விழுங்கப்படுகின்றன.

ஒரே சீராக, உணர்ச்சியில்லாமல் பேசியவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. குரலை ஏற்றி இறக்கிப் பேசியவர்களுக்குத்தான் சொற்கள் போயின. கண்டறியும் நிரல்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, அதன் அமைப்புகளை இரண்டு வாரம் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீக்குவதற்கு முந்தைய வீச்சுகளை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன்: (1200, 1380), (1380, 1560), (1560, 1790).

அந்த நிரல், ‘இது பேச்சுதான்’ என்ற தன் நம்பிக்கை மதிப்பெண் மாறும்போதெல்லாம் புதிய வீச்சு ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. நீளம் 180, 180, 230. மூன்றும் வரம்புக்குக் கீழே, மூன்றும் குப்பைக்குப் போயின. உண்மையில் அது 1200இலிருந்து 1790 வரை தொடர்ந்த 590 மில்லிநொடிப் பேச்சு. மூலப் பதிவு இருந்த கோப்புகளை மறுபடி ஓட்டினேன். இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்திருந்தவற்றில் போனது போனதுதான்.

0 முதல் 10 வரை என்பதை (0, 10) என்றும் எழுதலாம், (0, 4), (4, 10) என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் உள்ளே இருக்கும் எண்கள் அவையேதான். அப்படியானால் நீக்கிய பின் வரும் விடையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க நான்கு வரி போதும்: ஏதாவது ஒரு வீச்சை நடுவில் எங்காவது இரண்டாக வெட்டி மறுபடி ஓட்டுங்கள், சேரும் புள்ளிகள் மாறினால் நிரல் தவறு. நான் பார்த்த மூன்று நிரல்களும் இந்தச் சோதனையில் தோற்றன.

ஒன்றுசேர்ப்பதிலும் ஒரு குழி உண்டு. தொடக்கத்தை வைத்து வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே போவது வழக்கமான முறை. ஒட்டும்போது இரண்டு முடிவுகளில் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக வந்ததன் முடிவை வைத்தால், (0, 50), (10, 20), (30, 60) என்பது (0, 20), (30, 60) ஆகிவிடும். நடுவில் பத்து காணாமல் போகும்.

தொட்டுக்கொண்டிருப்பவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியவற்றையும் சேர்ப்பதில் விவாதத்துக்கு இடமில்லை. சிறிய இடைவெளியைத் தாண்டிச் சேர்ப்பது வேறு விஷயம். (0, 100), (105, 110), (115, 200) என்று வைத்துக்கொள்வோம். 5 வரையுள்ள இடைவெளியை மூடலாம், 20க்குக் குறைந்த வீச்சு வேண்டாம். முதலில் மூடினால் (0, 200) என்று ஒன்றே கிடைக்கும். முதலில் நீக்கினால் நடுத்துண்டு போய், இடைவெளி 15 ஆகி, இரண்டாகவே நிற்கும். படச் செயலாக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. 1964இல் பிரான்ஸில் மாத்தெரோனும் செராவும் தொடங்கிய கணித உருவவியலில், மூடுவதும் (சிறிய இடைவெளிகளை நிரப்புவது) திறப்பதும் (சிறிய துண்டுகளை நீக்குவது) தனித்தனிச் செயல்கள்; வரிசையை மாற்றினால் விடையும் மாறும்.

பேச்சுக்கு நான் முதலில் மூடுகிறேன். ஆனால் ‘டிக் டிக்’ என்று அடுத்தடுத்து விழும் சத்தங்கள் இருக்கும் பதிவில் அப்படிச் செய்தால், அந்தப் பொடிச் சத்தங்கள் எல்லாம் கைகோத்து ஒரு நீண்ட பேச்சாக வேஷம் போடும். எதை முதலில் செய்கிறீர்கள், ஏன் என்பதை நிரலிலேயே குறிப்பாக எழுதி வையுங்கள். எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்து யாராவது ‘ஒழுங்குபடுத்துகிறேன்’ என்று வரிசையை மாற்றுவார். அது நீங்களாகவே இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அதே தவறு வேறு வாசல் வழியாக வந்தது. வேகத்துக்காகப் பதிவைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, ஒரே நேரத்தில் ஓட்டினோம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒன்றுசேர்த்தோம், நீக்கினோம், எல்லாம் முறைப்படி. 599850இலிருந்து 600200 வரை போன ஒரு சொல், எல்லையில் 150, 200 என்று உடைந்து இரண்டு பக்கமும் செத்தது. துண்டுகளுக்குள் கண்டறிவதோடு நிறுத்துங்கள். சேர்ப்பதையும் நீக்குவதையும் எல்லாம் திரும்பி வந்த பிறகு, ஒரே இடத்தில் செய்யுங்கள். இதை எழுதும்போதுகூட எரிச்சலாக வருகிறது.

முடிவு எண் உள்ளேயா, வெளியேயா

(5, 9) என்பதில் 9 சேராது என்றால் நீளம் 4. சேரும் என்றால் 5. பைத்தானின் ரேஞ்ச் முடிவைச் சேர்ப்பதில்லை. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் பிட்வீன் சேர்க்கிறது. மரபணுத் தரவில் கேட்கவே வேண்டாம்: பெட் கோப்பில் 0, 10 என்று இருப்பதும் ஜிஎஃப்எஃப் கோப்பில் 1, 10 என்று இருப்பதும் அதே பத்து எழுத்துகள்தான். முடிவைச் சேர்க்காத முறையே நல்லது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இலேயே காரணத்தோடு எழுதிவிட்டார். நீளத்துக்குக் கழித்தால் போதும், அடுத்தடுத்த வீச்சுகளில் ஒன்றின் முடிவே மற்றதன் தொடக்கம். தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே அந்த முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் ஆங்காங்கே ஒன்று கூட்டுவது, ஒன்று கழிப்பது என்று போனால் மீள முடியாது.

தசம எண்கள்

0.3இலிருந்து 0.1ஐக் கழித்தால் கணினியில் வருவது 0.19999999999999998. வரம்பு 0.2 என்றால் அந்த வீச்சு போய்விடும். நேரத்தை மில்லிநொடி முழு எண்ணாக வையுங்கள்.

ஓரத்தில் வெட்டுப்பட்டவை

பதிவு தொடங்கும்போதே ஓடிக்கொண்டிருந்த வீச்சின் உண்மை நீளம் யாருக்கும் தெரியாது. குட்டை என்று தீர்ப்பளிக்காமல், அடையாளமிட்டுத் தனியே வையுங்கள்.

வரம்புக்குச் சரிசமமானது

நீக்குவதா, வைப்பதா என்று வேலை கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தலைகீழ் வீச்சு

(30, 12). நீளம் மைனஸ் 18, எந்த வரம்புக்கும் குறைவு. ஃபில்டர் அதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். அதை உண்டாக்கிய பிழை மேலே எங்கோ பத்திரமாக இருக்கும். நிரல் அங்கேயே நின்று கத்தட்டும்.