இலை, பூ, கனி: இருப்பிடத்தைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

தாவர உறுப்புகளைப் பற்றிப் பள்ளி விடைத்தாள்களிலும் வீட்டுத் தோட்டத்துப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வேர் பிடித்திருக்கின்றன. பச்சையாகத் தட்டையாக இருந்தால் இலை, நிறமாக இருந்தால் இதழ், இனித்தால் பழம் என்று தோற்றத்தையும் சுவையையும் வைத்தே முடிவு கட்டிவிடுகிறோம். தாவரவியலோ, அந்த உறுப்பு செடியில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பகுதியிலிருந்து வளர்ந்து வந்தது என்ற இரண்டையும் முதலில் கேட்கிறது.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். தாளிப்பதற்காக உருவி எடுக்கும் ஒவ்வொன்றையும் ஓர் இலை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஈர்க்கோடு சேர்ந்த முழு இணுக்குதான் ஓர் இலை. உருவப்படுபவை அதன் சிற்றிலைகள். வேம்பு, புளி, வில்வம் ஆகியவற்றிலும் இதே கதைதான். முருங்கையில் ஈர்க்கு மேலும் மேலும் கிளைத்துச் செல்வதால், ஒரு முழக் கீரைக் காம்பே ஓர் இலையாக இருப்பதை நம்புவது கடினம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது ஒருபோதும் இருக்காது. மொட்டு இருக்கும் இடத்திலிருந்து இலையைக் கணக்கிட வேண்டுமே தவிர, பச்சைப் பரப்பு பிரியும் இடத்திலிருந்து அல்ல.

முள்ளையும், கொடி பற்றி ஏற உதவும் சுருளான பற்றுக்கம்பியையும் பார்க்கும்போதும் இந்தச் சோதனை கைகொடுக்கும். காகிதப்பூச் செடியின் முள் இலைக்கோணத்திலிருந்து புறப்படுவதால் அது உருமாறிய தண்டு. சப்பாத்திக்கள்ளியின் முள் உருமாறிய இலை. நாம் இலை என்று நினைக்கும் அந்தச் சதைப்பற்றான பச்சைத் தட்டுதான் அதன் தண்டு, ஒளிச்சேர்க்கையும் அங்கேதான் நடக்கிறது. ரோஜாவின் முள் இரண்டிலும் சேராது. அது தண்டின் மேல்தோல் புடைத்து எழுந்தது, அதனால்தான் விரலால் பக்கவாட்டில் தள்ளினால் உடைந்து வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுகிறது.

இலையின் வேலையைப் பற்றிய தவறுகளில் மிகவும் பிடிவாதமானது, பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று இரண்டையும் முறை வைத்துப் பிரிப்பது. சுவாசம் இரவு பகல் என்று பாராமல் எல்லா உயிருள்ள செல்களிலும் எந்நேரமும் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதை விஞ்சி நிற்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிகிறது என்று எழுதுவதும் தவறு. அது நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது வெளியாவது. இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்தில் மட்டுமே இருக்கும் என்ற பொது விதிக்கும் தாமரை இணங்காது. நீருக்கு மேல் விரிந்து கிடக்கும் அதன் இலையில் துளைகள் மேற்புறத்தில் இருக்கின்றன. நெல்லில் இரு புறமும் உண்டு. சிவந்த குரோட்டன் இலையில் பச்சையம் இல்லை என்பாரும் உளர். பச்சையம் இருக்கிறது, பிற நிறமிகள் அதை மறைத்து நிற்கின்றன.

பூவுக்கு வந்தால் நிறம் நம்மை நன்றாகவே ஏமாற்றுகிறது. காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கும் மூன்று வண்ணத் தகடுகளும் இதழ்கள் அல்ல, பூவின் அடியில் இருக்கும் உருமாறிய இலைகளான பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே குழல் வடிவில் வெளிறித் தெரிபவையே பூக்கள். சூரியகாந்தியை ஒரு பூ என்று சொல்லும்போது நாம் நூற்றுக்கணக்கான சிறுமலர்களை ஒன்றாக்கிவிடுகிறோம். விளிம்பில் மஞ்சளாக நீண்டிருக்கும் ஒவ்வொரு ‘இதழும்’ விதை கொடுக்காத ஒரு தனி மலர். நடுத்தட்டில் நெருங்கி நிற்பவைதான் மணி பிடிப்பவை.

இந்த வரிசையில் நம் சமையலறைக்கு அடிக்கடி வரும் வாழைப்பூவைப் போல நல்ல ஆசிரியர் வேறில்லை. சிவந்த மடல்களை இதழ்கள் என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். அவை பூவடிச் செதில்கள். ஒரு மடலைத் தூக்கினால் அதன் அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிறக் குருத்துகளே பூக்கள். ஒன்றைப் பிரித்தால், ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய செதில் தனியாகக் கையில் வரும். அது பூவின் தனித்த இதழ். நடுவில் தீக்குச்சி போலத் தலை தடித்து நிற்பதைத்தான் கள்ளன் என்றும் நரம்பு என்றும் சொல்லி எடுத்தெறிகிறோம். அது ஆண் உறுப்பான மகரந்தத்தாள் அல்ல, பெண் உறுப்பின் பகுதிகளான சூலகத்தண்டும், அதன் நுனியான சூலகமுடியும். தாரின் மேற்பகுதியில் முதலில் விரிபவை பெண் பூக்கள், அவைதான் சீப்புகளாகின்றன. நுனியில் எஞ்சித் தொங்கும் பூவில் இருப்பவை ஆண் பூக்கள் என்பதால், அதை ஒடித்துச் சமைப்பதால் தாருக்கு இழப்பில்லை. வாழைமரத்தின் நடுப்பகுதியைத் தண்டு என்று சொல்வதிலும் கவனம் தேவை. வெளியே தெரிவது இலையடிப் பட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிய பொய்த்தண்டு. அதன் உள்ளே குலையைத் தாங்கி மேலேறும் வெண்மையான, கூட்டுக்கு உகந்த பகுதியே உண்மையான தண்டு.

தோட்டம் போடுகிறவர்களின் கவலைகளில் பாதி பூவின் பால் வேறுபாட்டை அறியாததால் வருபவை. பூசணிக்கொடியில் பூத்ததெல்லாம் உதிர்கிறதே என்று உரம் தேடி ஓட வேண்டாம். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். நீண்ட மெல்லிய காம்பில் நின்று, மகரந்தம் கொடுத்துவிட்டு உதிர்வது அவற்றின் இயல்பு. இதழ்களுக்குக் கீழே சிறு உருண்டையோடு வருவதே பெண் பூ. அந்த உருண்டை மஞ்சளாகிக் கருகினால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். காலையில் பூ விரிந்திருக்கும்போது ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவிவிடலாம். பலாவில் கறுத்து விழும் சிறு கதிர்களைப் பார்த்துப் பிஞ்சு கொட்டுகிறது என்று பதறுவதும் இப்படித்தான். அவையும் வேலை முடிந்த ஆண் மஞ்சரிகள், அதாவது ஆண் பூக்கொத்துகள்.

அத்தி அரிதாகப் பூக்கிறது என்ற எண்ணம் நம் மொழியில் உவமையாகவே நிலைத்துவிட்டது. அது தவறாமல் பூக்கிறது. காய் என்று நாம் நினைக்கும் அந்த உருண்டையின் உட்சுவரில் இருப்பதால் பூக்கள் கண்ணில் படுவதில்லை. நுனித் துளை வழியாக நுழையும் சிறு குளவிகள் அங்கே மகரந்தத்தைச் சேர்க்கின்றன.

மகரந்தச் சேர்க்கையையும் கருவுறுதலையும் ஒன்றாக எழுதுவது தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கும் பிழை. முதலாவது, மகரந்தம் சூலகமுடியில் போய்ச் சேர்வது மட்டுமே. கருவுறுதல் அதற்குப் பிறகு, பின்னாளில் விதையாகும் சூலுக்குள் நடப்பது. பூக்கும் தாவரங்களில் அது இரட்டையாக நடப்பதை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்தார். ஓர் ஆண் கேமீட் (இனப்பெருக்கச் செல்) முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவைத் தோற்றுவிக்கிறது. இளநீரும் தேங்காய்ப் பருப்பும் இந்தக் கருவூண்தான்.

கனியில் அடிப்படை விதி, சூலைப் பொதிந்திருக்கும் சூற்பை கனியாகிறது, சூல் விதையாகிறது என்பது. அந்த வகையில் கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாமே கனிகள். காய்கறி என்பது சமையல் வகைப்பாடு. பண்ருட்டிச் சந்தையில் மணக்கும் முந்திரிப் பழம் பூக்காம்பு பருத்தது. அதன் அடியில் தொங்கும் கொட்டையே உண்மைக் கனி.

சீத்தாவையும் பலாவையும் ஒரே வகையில் சேர்ப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகவும் பரவலான குழப்பம், வெளித்தோற்றம் அதற்கு இடமும் கொடுக்கிறது. சீத்தாப்பழம் ஒரே பூவின் பல தனிச் சூலகங்கள் சேர்ந்த திரள்கனி. பலா ஒரு மஞ்சரி முழுவதும் சேர்ந்து உருவான கூட்டுக்கனி. அதன் தோலில் உள்ள ஒவ்வொரு முள்முனையும் ஒரு பெண் பூவுக்குரியது. நாம் தின்னும் சுளை சதைப்பற்றான பூவிதழ். கொட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய பை சூற்பைச் சுவரிலிருந்து வந்தது. சுளைகளுக்கு இடையே அடைந்திருக்கும் சடை, கருவுறாத பூக்களின் எச்சம். ஆகவே, சடை மிகுந்த பழம் மகரந்தச் சேர்க்கை குறைந்த பழம்.

நெல்மணி விதையல்ல, விதையுறையும் கனிச்சுவரும் ஒட்டிப்போன ஒரு கனி. உமி என்பது பூவைச் சூழ்ந்த செதில்கள். அந்தக் கனிச்சுவரும் விதையுறையும் தவிட்டோடு போய்விடுகின்றன. நிலக்கடலையை மண்ணிலிருந்து பிடுங்குவதால் அதை வேர் என்று வகைப்படுத்துவோரும் இருக்கின்றனர். மஞ்சள் பூ தரைக்கு மேலேயே கருவுறுகிறது. பிறகு சூற்பையின் அடிப்பகுதி நீண்டு, உழவர்கள் விழுது என்று சொல்லும் காம்பாக மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகிறது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது இதனால்தான். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை அது வேரின் வழியாக அல்லாமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகிறது. விழுது இறங்கிய பின் களைக்கொட்டால் மண்ணைக் கிளறினால் அவ்வளவு காயும் போய்விடும்.