உப்புக்காற்றில் ஒரு வேகமானி: குரோனோகிராஃபைப் பல ஆண்டுகள் நம்பகமாக வைத்திருக்கும் முறை

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர், பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை வாங்கிய முதல் நாளில் பத்துப் பெல்லட்டுகளைச் சுட்டு, திரையில் தெரியும் வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து, இரண்டு வாரத்துக்குள் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன். மண்டபம் பக்கத்தில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் வீட்டில், ஒரு மழைக்காலம் முழுவதும் பரணில் கிடந்த கருவியைத் தை மாதத்தில் இறக்கியபோது, உள்ளே இருந்த பேட்டரி கசிந்து, இணைப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து மீண்டும் சுட்டபோது வேகம் முன்பைவிடக் குறைவாகக் காட்டியது. துப்பாக்கி தளர்ந்துவிட்டதா, கருவி பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. ஒரு நாளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே விதமாக எடுத்த பல நாள் எண்கள் வரிசையாக இருந்தால்தான் கருவி பேசத் தொடங்கும். அந்த வரிசையை எப்படி உருவாக்குவது, இந்தக் கரையின் உப்பிலிருந்து கருவியை எப்படிக் காப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

ஒளியால் இயங்கும் சாதாரணக் குரோனோகிராஃபில் இரண்டு உணரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும். பெல்லட்டின் நிழல் முதல் உணரியின்மேல் விழும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதன்மேல் விழும்போது நிற்கும். இடைவெளி 30 செ.மீ. என்றும் வேகம் நொடிக்கு 175 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், கருவி அளப்பது ஏறத்தாழ 1.7 மில்லி நொடி மட்டுமே. அந்த 30 செ.மீ.யில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடையில் ஏறத்தாழ 0.33 சதவீதம் பிழை வந்துவிடும். மடித்து வைக்கும் கருவி என்றால், கீலை முழுமையாக விரித்தீர்களா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வேகம் தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிடலாம். 0.53 கிராம் எடையுள்ள போட்டிப் பெல்லட் நொடிக்கு 172.5 மீட்டர் வேகத்தில் போனால், எடையைக் கிலோகிராமில் எழுதி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 7.9 ஜூல். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழல் விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கின்றன. இதே பெல்லட் அந்த எல்லையைத் தொட நொடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர் வேகம் வேண்டும். போட்டித் துப்பாக்கிகள் அதற்கு வெகுதூரம் கீழேதான் இருக்கின்றன. ஆனாலும் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி, அதற்குள் யார் என்ன மாற்றினார்கள் என்று தெரியாதவருக்கு இந்தக் கணக்கு அவசியம்.

இரண்டாம் படி: வகையைத் தேர்ந்தெடுத்தல்

ஒளி உணரிக் கருவியே விலை குறைந்தது, பழுது பார்க்க எளியது. குழல் முனையில் மாட்டும் அகச்சிவப்புக் கருவிக்கு வெயிலால் தொல்லை இல்லை. ஆனால் நேராக மாட்டாவிட்டால் பெல்லட் அதன் சுவரில் உரசும், அது மாட்டியிருக்கும்போது இலக்கில் விழும் இடத்தையும் நம்ப முடியாது. மூன்றாவது வகை, பறக்கும் பெல்லட்டில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைக் கொண்டு வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார். அது 2023இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கை அளவில் ஒன்றைக் கொண்டுவந்தபிறகு பரவலாகப் பேசப்படுகிறது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், சுட்டு உடைக்கும் அபாயமும் இல்லை. ஆனால் அதன் விலை ஒளி உணரிக் கருவியைப்போலப் பல மடங்கு. தொடக்கக்காரருக்கு நான் ஒளி உணரி வகையையே பரிந்துரைப்பேன், கீழே சொல்வதும் பெரும்பாலும் அதற்கே பொருந்தும்.

மூன்றாம் படி: இடத்தை நிரந்தரமாகக் குறித்தல்

நீண்டகாலப் பயன்பாட்டுக்கு இதுவே அடித்தளம். குழல் முனைக்கும் முதல் உணரிக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும். தரையில் சிமெண்ட் இருந்தால் முக்காலியின் மூன்று கால்களுக்கும் பெயின்ட்டால் புள்ளி வையுங்கள். மண்தரை என்றால் மூன்று செங்கற்களைப் புதைத்து அவற்றின்மேல் குறியிடுங்கள். தூரம் ஏன் மாறக்கூடாது என்றால், இலேசான பெல்லட் காற்றில் ஒரு மீட்டர் போவதற்குள்ளேயே நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தை இழந்துவிடும். சென்ற மாதம் அரை மீட்டரிலும் இந்த மாதம் இரண்டு மீட்டரிலும் சுட்டால், துப்பாக்கி தளர்ந்துவிட்டது என்று வீணாகக் கவலைப்படுவீர்கள். மிக அருகில் வைப்பதும் தவறு. குழலிலிருந்து சீறி வரும் காற்று உணரியைக் குழப்பக்கூடும்.

அடுத்தது நேர்க்கோடு. பெல்லட்டின் பாதை கருவிக்கு ஐந்து பாகை சாய்ந்து போனால், இரண்டு உணரிகளுக்கு இடையே அது கடக்கும் தூரம் கூடி, வேகம் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவாகத் தெரியும். நான் கருவியின் முன்பின் விளிம்புகளிலிருந்து ஒரே உயரத்தில் நூலை இழுத்து, அந்த நூல் இலக்கின் நடுவைத் தொடுகிறதா என்று பார்க்கிறேன்; கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே முறைதான். இதைச் செய்யும்போது துப்பாக்கி காலியாக, பெல்லட் இடும் பூட்டு (போல்ட்) திறந்து, மேசையில் இருக்க வேண்டும். குழலின் முன்னால் நின்று கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒருபோதும் வேண்டாம்.

இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைத் தாங்கும் இரும்புப் பெட்டி இருக்கட்டும். அதில் கடற்கரை மணலை நிரப்பும் தவறை நான் ஒரு முறை செய்தேன். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்ததால் பெட்டியின் அடித்தகடு துருவேறி ஓட்டையாகிவிட்டது. பெட்டியைக் கிளறிய பிறகும் பெல்லட்டைத் தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அவை ஈயம். ஒரு வார்த்தை கூடுதலாக: இந்த மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. காகித இலக்கைத் தவிர வேறு எதையும் நோக்கித் துப்பாக்கியைத் திருப்புகிறவருக்காக நான் எழுதவில்லை.

நான்காம் படி: வெளிச்சத்தைச் சமன்படுத்துதல்

இந்தக் கரையில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பங்குனி, சித்திரை வெயில் மேலிருந்து அடிப்பது போதாதென்று வெள்ளை மணலில் பட்டும் எதிரொளிக்கிறது. உணரிக்கு நிழல் தெரிவதில்லை. நான் முதலில் பனையோலைக் கொட்டகைக்குள் கருவியை வைத்தேன். ஓலையின் இடுக்குகளில் விழும் வெளிச்சப் பொட்டுகள் கச்சான் காற்றில் ஆட ஆட, சுடாமலேயே கருவி எண்களைக் காட்டியது. கடைசியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து, கருவிக்கு மேலே கூடாரம்போல இழுத்துக் கட்டினேன். மேகம் வந்தாலும் போனாலும் அதன் அடியில் வெளிச்சம் பெரும்பாலும் சீராகவே இருக்கிறது.

அறைக்குள் சுடுகிறவர்கள் டியூப் லைட்டையும் மலிவான எல்.இ.டி. பல்பையும் தவிர்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு நூறு முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் உணரிக்குத் தெரியும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பட்டையை மேலே பொருத்தினால் சிக்கல் தீர்ந்தது.

ஐந்தாம் படி: பத்துச் சுடுதல், ஒரு நோட்டு

மாதத்துக்கு ஒரு முறை, இயன்றவரை காலை ஒரே நேரத்தில், பத்துப் பெல்லட்டுகளைச் சுடுங்கள். இதற்கென்று ஒரே வகைப் பெல்லட் டின் ஒன்றைத் தனியாக ஒதுக்கிவைத்து, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். டின்னைக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படரும். சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் துப்பாக்கி என்றால் தொடங்கும்போது அழுத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக எண்கள் 171, 173, 172, 174, 172, 171, 173, 172, 174, 173 என்று வந்தால், சராசரி 172.5, மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடைவெளி 3. பலர் சராசரியை மட்டும் எழுதி வைக்கிறார்கள். இலக்குச் சுடுதலில் அந்த இடைவெளியே முக்கியம். பத்து மீட்டரில் நொடிக்கு 3 மீட்டர் வேறுபாடு பெல்லட் விழும் இடத்தை உயரத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தும். ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையமே 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளிதான், 0.1 மதிப்பெண் என்பது 0.25 மி.மீ. என்பதை நினைத்தால், இடைவெளி ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

நோட்டில் தேதி, நேரம், வெப்பநிலை, வானம் எப்படி இருந்தது, சிலிண்டர் அழுத்தம், பேட்டரி மாற்றிய நாள், பத்து எண்கள் ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். கைபேசிச் செயலி தானாகவே சேமித்தாலும் காகிதத்திலும் ஒரு படி இருக்கட்டும். என்னுடைய செயலி ஒரு நாள் காரணம் சொல்லாமல் திறக்க மறுத்துவிட்டது.

ஆறாம் படி: உப்பிலிருந்து காத்தல்

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை உப்புக்காற்று எப்படி அரித்தது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. இரும்புக்கே அந்த நிலை என்றால், ஊசிமுனை அளவுச் செம்புத் தடங்கள் உள்ள சர்க்யூட் பலகையைப்பற்றி என்ன சொல்வது? உப்பு தனியாக அழிப்பதில்லை. அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரவெல்லாம் மெல்ல வேலை செய்கிறது.

சுட்டு முடித்ததும் கருவியை அங்கேயே விட்டு வராதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரிகள் உள்ளே கிடந்தால் கசியும், அந்தக் கசிவு உப்பைவிட வேகமாகத் தகட்டைத் தின்னும். பிறகு வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்புப் பொடி உணரியின் கண்ணாடியைக் கீறும். உணரிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சு போதும்.

பேட்டரித் தகடுகளுக்கான வழியை எனக்குச் சொன்னவர் விசைப்படகு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன். பச்சை பூத்த என் கருவியைப் பார்த்துவிட்டு, “கடலுக்குப் போற மெஷினை எப்படிப் பாக்குறோமோ அப்படிப் பாருங்க தம்பி, முனையைத் தேச்சுட்டு லேசா வாசலைன் தடவுங்க” என்றார். படகு பேட்டரிக்குச் செய்வதையே சிறிய அளவில் செய்தேன். அதன்பிறகு தகடுகள் பச்சை பூக்கவில்லை.

கருவியை ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை கிடைத்தால் நல்லது. நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலி ஒன்றில் இளஞ்சூட்டில் உலர்த்தினால் மீண்டும் உழைக்கும். ரேடார் போல உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ள கருவியை முழுதும் நிரப்பியோ முழுதும் காலியாகவோ வைக்காமல், பாதியளவு சார்ஜுடன் நிழலில் வையுங்கள். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும்போது பெட்டியை ஒரு முறை திறந்து பார்ப்பது என் வழக்கம்.

ஏழாம் படி: சந்தேகம் வரும்போது

வேகம் குறைந்தால் உடனே துப்பாக்கியைப் பிரிக்காதீர்கள். புதுப் பேட்டரி போட்டுச் சுடுங்கள். பிறகு உணரியைத் துடைத்துச் சுடுங்கள். அதற்குப் பிறகு கீலையும் ஒரு மீட்டர் தூரத்தையும் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போய்விடும். வீட்டில் இரண்டாவது துப்பாக்கி ஒன்று இருந்தால், எளிய ஸ்பிரிங் வகையாக இருந்தாலும், அதன் எண்களையும் ஆண்டுக்கு இரண்டு முறை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் கோளாறு கருவியில், ஒன்று மட்டும் குறைந்தால் துப்பாக்கியில் என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். துப்பாக்கிதான் காரணம் என்றால் பெரும்பாலும் காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது சீல் தேய்ந்திருக்கும்.

கருவியை மாற்றும் நாள்

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் புதியது வாங்க நேரும். பழையதை அதற்கு முன்பே விற்றுவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒரே பெல்லட் இரண்டையும் கடக்கும்படி பத்து முறை சுடுங்கள். பின்னால் இருப்பது தூரத்தால் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே இடத்தை மாற்றி வைத்து இன்னும் பத்து முறை சுட்டு, ஒவ்வொரு கருவிக்கும் இருபதின் சராசரியை எடுத்தால் தூரத்தின் விளைவு நீங்கி, இரண்டு கருவிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு கிடைக்கும். அந்த வேறுபாட்டைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பழைய எண்களைப் பார்க்கும்போதெல்லாம் கூட்டியோ கழித்தோ படியுங்கள்.