சேபருக்கு வெள்ளி மினுக்கம் வந்த கதை

எஃப்-86 சேபர் என்ற அமெரிக்கப் போர் ஜெட்டின் மாடலை 1/48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு) கட்டினேன். வெள்ளி வண்ணம் அடித்ததும் உடலின் இரு பாதிகள் சேரும் நடு ஒட்டு நெடுகக் கீறல்கள் பல்லிளித்தன. முன்பு அடித்த சாம்பல் பிரைமரில் (அடிப்பூச்சில்) ஒன்றுமே தெரியவில்லையே! உலோகப் பூச்சின் படலம் மிக மெல்லியது. அடியில் இருப்பதை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, ஒட்டை 1000, 2000, 4000 என வரவர நைசான உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்தேன். அதன் மேலே பளபளப்புக் கறுப்பு வண்ணம். இதுதான் உயிர்நாடி: விளக்கின் பிம்பம் அதில் கலங்காமல் தெரியும்வரை விடவில்லை. இரண்டு நாள் காயவிட்டு, ஏர்பிரஷ்ஷில் (காற்றால் வண்ணம் தூவும் கருவி) 12–15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அலுமினிய வண்ணத்தைப் பனிபோலத் தூவினேன். வால் பக்கம் எஞ்சின் சூடு படும் தகடுகளுக்கு மட்டும் சற்றே கருத்த எஃகு நிறம். அப்போது மற்ற இடங்களில் வண்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப்பைப் புறங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்தபின்தான் மாடலில் ஒட்டினேன். டேப்பை எடுத்தபோது பூச்சு ஒரு துணுக்குகூட உரியவில்லை.