வரங்களைப் பற்றிய அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சபையில் ஒரு அத்தை இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, பாய்களை உதறி விரித்து, பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பார். ஒருநாள், அந்நிய பாஷை (கற்காத மொழியில் ஆவியால் பேசுவது) போன்ற ஆவியின் வரங்களைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்கு அந்நிய பாஷையும் வரல, தரிசனமும் இல்ல தம்பி. ஆண்டவர் என்னை இன்னும் சேத்துக்கலயோ என்னவோ."

அன்று வாசித்தது 1 கொரிந்தியர் 12, அதாவது கொரிந்து ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தின் 12-ஆம் அதிகாரம். "நான் கையல்ல, அதனால் சரீரத்தைச் சேர்ந்தவனல்ல" என்று கால் சொன்னால் அது உண்மையாகிவிடுமா என்று பவுல் கேட்பது அதே அதிகாரத்தில்தான். அத்தையைப் போல ஒதுங்கி நின்றவர்களை உள்ளே அழைக்க எழுதியதைக் கேட்டு, அவர் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டார். தவறு அவருடையதல்ல, நாம் வாசித்துக் காட்டும் விதத்தில் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'வரம்' என்றதும் நம் மனதில் வருவது தவம். ஒற்றைக் காலில் நின்று, காற்றை உண்டு, கடைசியில் கேட்டதைப் பெறுவது. புராணங்கள் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் கேட்கும். அதனால் வரம் பெற்றவர் பெரிய பக்தர், பெறாதவர் இன்னும் உபவாசம் இருக்க வேண்டியவர் என்று தானாகவே ஒரு கணக்கு ஓடுகிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. கிருபை என்று பொருள்படும் 'காரிஸ்' அதன் வேர். ரோமர் 6:23-இல் இதே சொல்லைத்தான் நம் வேதாகமம் 'கிருபைவரம்' என்று போட்டிருக்கிறது. அங்கே அது நித்திய ஜீவன். அதை யாரும் தவம் இருந்து வாங்கியதாகச் சொல்வதில்லை. 12-ஆம் அதிகாரத்திலும் 'வரம்' என்று வரும் இடத்திலெல்லாம் மனதுக்குள் 'கிருபைவரம்' என்று படித்துப் பாருங்கள், பாதி பாரம் இறங்கும்.

அடுத்த தவறு, கடிதம் யாருக்குப் போனது என்பதை மறப்பது. கி.மு. 146-இல் ரோமர் கொரிந்துவை அழித்தார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடி குடியேற்றினார். வந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு துறைமுகங்கள், நல்ல வியாபாரம். கீழிருந்து மேலே வந்தவர்கள் மதிப்புக்காக ஓடிக்கொண்டிருந்த ஊர். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். பிறகு எபேசுவிலிருந்து, கி.பி. 54-ஐ ஒட்டி, இந்தக் கடிதத்தை எழுதினார்.

சபைக்கு என்று கட்டடம் கிடையாது, யாராவது ஒருவர் வீட்டில்தான் கூடுவார்கள். ரோம வீட்டின் விருந்தறையில் சாய்ந்து சாப்பிட வழக்கமாக 9 பேருக்கு இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில் நின்றிருக்க வேண்டும். 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாய் இருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் கொதிக்கிறார், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். வரங்களைப் பற்றிய பேச்சு இதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. சாப்பாட்டில் யார் முன்னால், யார் பின்னால் என்று இருந்த அதே மேடு பள்ளம் ஜெபத்திலும் வந்துவிட்டது. 11-ஐ விட்டுவிட்டு 12-இல் தொடங்கினால் இது தெரியாமலே போகும்.

சபை ஒரு உடல், நாம் அதன் உறுப்புகள் என்ற சரீர உவமையை "அவரவர் இடத்தில் அடங்கி இருங்கள்" என்று போதிப்பது இன்னொரு தவறு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அப்படிச் சொன்னவர் வேறொருவர். கி.மு. 494-இல் ரோமின் எளிய மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது மெனேனியஸ் அக்ரிப்பா என்ற ரோமத் தலைவர் போய், வயிற்றோடு சண்டை போட்ட கை கால்களின் கதையைச் சொல்லி அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உழைக்கிறவர்கள் அடங்கிப் போக அந்தக் கதை பயன்பட்டது. பவுல் அதே மாதிரி உவமையை எடுத்துத் தலைகீழாக்குகிறார். கண் கையைப் பார்த்து "நீ எனக்கு வேண்டாம்" என்று சொல்லக் கூடாது என்கிறார். பலவீனமாகத் தெரியும் அவயவங்களே மிகவும் தேவையானவை, கனம் குறைந்ததற்குத்தான் தேவன் அதிகக் கனம் கொடுத்தார் என்கிறார். இங்கே கண்டிப்பு விழுவது மேலே இருப்பவர்கள் மேல்தான்.

அந்நிய பாஷையை நுழைவுச் சீட்டாக வைப்பவர்களும் உண்டு. "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்ற 12:30-இன் கேள்வி, கிரேக்கத்தில் 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்தே அமைந்தது. "இயேசு கர்த்தர்" என்று ஒருவர் சொல்வதே ஆவியானவரால்தான் என்று அதிகாரத்தின் தொடக்கத்திலேயே (12:3) வந்துவிடுகிறது. யூதரோ கிரேக்கரோ, அடிமையோ சுயாதீனரோ, எல்லோரும் ஒரே ஆவியால் ஒரே சரீரத்துக்குள் வந்தவர்கள் என்று 12:13-உம் சொல்கிறது. சேர்ந்தது முதலில், வரம் அப்புறம். இதற்காக வரங்களையே அடக்கிவிடுவதும் சரியில்லை. அந்நிய பாஷை பேசுவதைத் தடைபண்ணாதீர்கள் என்று 14-ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவரே எழுதுகிறார். இரண்டு அல்லது மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஒருவர். அவர் கேட்கும் ஒழுங்கு அவ்வளவுதான்.

13-ஆம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது 12-க்கும் 14-க்கும் நடுவில் வேண்டுமென்றே வைத்தது. "அன்பு தன்னைப் புகழாது" என்ற வரி, தங்கள் வரத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தைப் பார்த்து எழுதியது.

கடைசியாக, 12:28-இல் உள்ள பட்டியலை அவசரமாகத் தாண்டுவது. அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள், அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று வந்து, 'உதவிகள்' என்று ஒரு சொல் நிற்கிறது. அதற்குப் பின்னால்தான் ஆளுகைகள் வருகின்றன, அந்நிய பாஷை கடைசியில். 'உதவிகள்' என்பதற்கான அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அதை அத்தைக்குக் காட்டினேன். கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார், நானே வாசித்தேன். "அது எந்த இடத்துல இருக்கு?" என்று கேட்டு, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். பிறகு பாயைச் சுருட்டப் போய்விட்டார்.